அடைப்பை நீக்கிப் பெருக்குக

ஞாயிற்றுக்கிழமை காலை, சாப்பிட்ட தட்டை எடுக்காமலேயே, மாஸ்டர் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய முடிவை எடுத்தார்.

மாஸ்டர் என்றால் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி மாஸ்டர். தலையில் போர்டு மாட்டிய சின்னக் காரில், ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்துகொண்டு, காலடியில் தனக்கென்று தனி பிரேக் வைத்துக்கொண்டு, ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். வீட்டில் அப்படி ஒரு பிரேக் இல்லை என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே குறை. சோபாவில் உட்கார்ந்திருக்கும்போது மனைவி ஏதாவது பேச ஆரம்பித்தால் அவருடைய வலது கால் தன்னையறியாமல் தரையை அழுத்தும். பேச்சு நிற்காது.

அன்றைக்கும் அழுத்தினார். அன்றைக்கும் நிற்கவில்லை.

விஷயம் இதுதான். வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்த அம்மாள் மகளோடு இருக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மனைவிக்கு சிக்னல் பக்கத்து மருந்துக்கடையில் வேலை. நாள் முழுக்க நின்றபடியே டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். எழுதின டாக்டராலேயே திரும்பப் படிக்க முடியாததை அவள் படித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவளுக்குப் புருஷன் முகம் எம்மாத்திரம்? இனிமேல் வீட்டு வேலையை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம் என்று அவள் வாயைத் திறந்ததுமே மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார்.

வேலை என்றால் குனிந்து நிமிர்வது மட்டுமா என்று கேட்டார். வளர்கிற பெண் வீட்டில் இருக்கிறாள். எட்டாம் வகுப்பு. அவளுடைய படிப்பு யார் பொறுப்பு? இந்தப் பாரத்தை இதுவரை யாராவது தோளில் ஏற்றியிருக்கிறார்களா?

"வீட்டை நீ பாத்துக்கோ. பொண்ணு படிப்பை நான் பாத்துக்கறேன்" என்றார். "படிப்பு எவ்வளவு பெரிய வேலைன்னு உனக்குத் தெரியாது. இருந்தாலும் நான் எடுத்துக்கறேன்."

"கணக்கு உட்படவா?" என்றாள் மனைவி.

"கணக்குதான் முதல்ல."

"சரிங்க" என்று அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

முன்னால் போகிற லாரி காரணமில்லாமல் வழிவிட்டால் சந்தேகப்பட வேண்டும் என்று மாஸ்டர் தன் மாணவர்களுக்கு வாரம் தவறாமல் சொல்வார். அன்று அவருக்கு அது ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் வாண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வாண்டு என்பது மகளுக்கு வீட்டில் வைத்த பெயர். உயரத்தில் அப்பாவின் காதைத் தொட்டுவிட்ட பிறகும் பெயர் மாறவில்லை. இயற்கணிதம், பல்லுறுப்புக் கோவைகளின் பெருக்கல் என்றாள். பல் சம்பந்தமான உறுப்பு அறிவியலில்தானே வரவேண்டும், கணக்குப் புத்தகத்தில் எப்படி நுழைந்தது என்று மாஸ்டருக்குக் குழப்பம். கேட்கவில்லை. புத்தகத்தை வாங்கிப் பார்த்தார். 'அடைப்பை நீக்கிப் பெருக்கி, ஒத்த உறுப்புகளைச் சேர்த்துச் சுருக்குக' என்று போட்டிருந்தது. கீழே ஒரு அடைப்புக்குறிக்குள் எக்ஸ் கூட்டல் மூன்று. ஒட்டிக்கொண்டு இன்னொன்றில் எக்ஸ் கூட்டல் ஐந்து.

இவ்வளவுதானா என்று மாஸ்டர் சிரித்தார். எக்ஸையும் எக்ஸையும் பெருக்கினார், எக்ஸ் ஸ்கொயர். மூன்றையும் ஐந்தையும் பெருக்கினார், பதினைந்து. நடுவில் ஒரு கூட்டல் குறி போட்டு முடித்தார்.

வாண்டு பின்பக்கம் புரட்டி விடையைப் பார்த்தாள். "நடுவுல எட்டு எக்ஸ் இருக்குப்பா. அது எங்க?"

"அச்சுப் பிழை."

"அடுத்த கணக்குலயும் நடுவுல ஒண்ணு இருக்கே."

"ஒரே ஆள்தானே அச்சடிச்சிருப்பான்."

பத்துக் கணக்கிலும் நடுவில் ஒன்று இருந்தது. அடுத்த வாரம் தேர்வு என்றாள் வாண்டு. மாஸ்டர் புத்தகத்தைத் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். இஞ்சின் சூடாகிவிட்டது, கொஞ்சம் ஆறட்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்தார். சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். முடியவில்லை என்றால் சொல்லிவிடுங்கள், நான் படிப்பை எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள் ரொம்பப் பிரியமாக. மாஸ்டருக்குக் கைப்பிடி தேய்ந்த துடைப்பம் கண் முன்னால் வந்து நின்றது. முடியாது என்ற பேச்சுக்கே இடமில்லை என்றார்.

"அதானே. பக்கத்துத் தெருவுல ஒரு கணக்கு டீச்சர் டியூஷன் எடுக்கறாங்களாம், ரொம்ப நல்லா சொல்லித் தராங்களாம்னு கடைக்கு வர்றவங்க பேசிக்கறாங்க. அது சின்னப் பிள்ளைங்களுக்கு. உங்களுக்கு எதுக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைத் தணிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் சாயங்காலம் புது பேட்ச் வந்திருக்கிறது, வர நேரமாகும் என்று வீட்டுக்குப் போன் போட்டுவிட்டு மாஸ்டர் பக்கத்துத் தெருவில் இருந்தார்.

டீச்சரின் முன்னறையில் குட்டையான பெஞ்சுகள். உட்கார்ந்தால் முழங்கால் முகவாயைத் தொட்டது. சுற்றிலும் ரெட்டைப் பின்னல்களும் பென்சில் பெட்டிகளும். டீச்சர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, என்ன வேண்டும் என்று கேட்டார். மாஸ்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்கில்லைங்க. என் நண்பர் ஒருத்தருக்குப் பல்லுறுப்புக் கோவை கொஞ்சம் தகராறா இருக்கு."

"நண்பர் என்ன படிக்கறார்?"

"எட்டாவது."

டீச்சர் சிரிக்கவில்லை. அதனாலேயே மாஸ்டருக்கு அவர் மேல் மரியாதை வந்துவிட்டது. கணக்கைக் கண்ணால் படித்தால் தூக்கம்தான் வரும், கையால் செய்தால்தான் மண்டையில் நிற்கும், தன்னிடம் எல்லாம் செய்முறைதான் என்றார் டீச்சர். மாஸ்டருக்கு ரொம்பப் பிடித்துப் போயிற்று. அவரும் அந்தக் கட்சிதான். புத்தகம் படித்து யார் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்கள்?

"முதல் படி அடைப்பை நீக்கறது" என்றார் டீச்சர். "உள்ள இருக்கறதை வெளிய விடாம பிடிச்சு வெச்சிருக்கறதுக்குப் பேருதான் அடைப்பு. உங்க வீட்டுல அப்படி எதாவது இருக்கா?"

மாஸ்டர் யோசித்தார். "சமையலறை தொட்டியில தண்ணி போக மாட்டேங்குது. ரொம்ப நாளா."

"நல்லதாப் போச்சு. அதை நீக்கிட்டு வந்து என்ன தெரிஞ்சுக்கிட்டீங்கன்னு சொல்லுங்க."

அன்றைக்கு மாஸ்டர் சட்டையைக் கழற்றிவிட்டு, தொட்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார். வண்டிக்கு அடியில் படுத்துப் பழகிய உடம்பு. குழாயைக் கழற்றினார். உள்ளேயிருந்து ஒரு தலைமுடிக் கிளிப், அரை எலுமிச்சம்பழம், என்றைக்கோ காணாமல் போன ஒரு டீஸ்பூன் எல்லாம் வந்தன. தண்ணீர் கடகடவென்று இறங்கியது. மனைவி வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"தொந்தரவு பண்ணாதே. படிப்பு வேலையா இருக்கேன்."

"ஐயோ, தெரியாம கேட்டுட்டேன்" என்று அவள் சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

உள்ளே ஒன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் வெளியே எடுத்தால் ஒவ்வொன்றும் தனித்தனி உறுப்பு என்று தெரிந்துகொண்டதாக மறுநாள் மாஸ்டர் டீச்சரிடம் சொன்னார். டீச்சர் தலையாட்டி, அடுத்தது பெருக்கல் என்றார்.

ஒரு அடைப்பில் ஹால், சமையலறை. இன்னொரு அடைப்பில் துடைப்பம், ஈரத்துணி. பெருக்கிக்கொண்டு வரவேண்டும். மாஸ்டர் வீட்டுக்குப் போய் ஹாலைத் துடைப்பத்தால் பெருக்கினார், சமையலறையை ஈரத்துணியால் துடைத்தார். முடிந்தது என்று வந்து சொன்னார். டீச்சர் நிதானமாகக் கேட்டார்.

"ஹாலை ஈரத்துணியால துடைச்சீங்களா?"

"இல்லைங்க."

"சமையலறையைப் பெருக்கினீங்களா?"

"இல்லை..." என்று சொல்லும்போதே மாஸ்டருக்கு உறைத்தது. ஹால் ரெண்டையும் சந்திக்க வேண்டும். சமையலறையும் ரெண்டையும் சந்திக்க வேண்டும். மொத்தம் நாலு வேலை. ரெண்டை மட்டும் செய்துவிட்டு ஓரம் ரெண்டும் சரியாக இருக்கிறதே என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். நடுவில் காணாமல் போன எட்டு எக்ஸ், மூன்று எக்ஸும் ஐந்து எக்ஸுமாகக் கைகோத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றது.

வெளியே வந்தபோது மாஸ்டர் நடக்கவில்லை, மிதந்தார். இத்தனை வயசுக்கு மேல் ஒரு விஷயம் புரிவது அவருக்கு அதிகம் நடக்கிற சம்பவம் இல்லை. நேராக வீட்டுக்குப் போய், விட்டுப்போன ரெண்டையும் செய்து முடித்து, கை ஈரத்தோடு வாண்டுவைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொன்றையும் சந்திக்கணும்மா என்றார். வாண்டு கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். இப்போ புரியுதுப்பா என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக மாஸ்டர் தெருவையே பெருக்கியிருப்பார்.

கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. மூன்று உறுப்புக் கோவை வந்தபோது ஹால், சமையலறையோடு மாடிப்படியும் சேர்ந்தது. ஒத்த உறுப்புகளைச் சேர்க்கும் பாடத்துக்குத் துணி அலமாரி முழுவதும் தரையில் கொட்டப்பட்டு, துண்டு துண்டோடும் காலுறை அதனதன் ஜோடியோடும் சேர்ந்தது. இனம் வேறான ரெண்டைக் கூட்டவே முடியாது என்பது அவருக்கு உள்ளங்கை வழியாகவே தெரிந்தது. அடுக்குகள் பாடத்துக்குப் பாத்திரங்களை அடுக்கினார். விரித்தெழுதுவதற்குப் படுக்கை விரிப்புகளை விரித்தார். சுருக்கும் பாடத்துக்கு இஸ்திரிப் பெட்டியை எடுத்தார். சுருக்கம் எல்லாம் போய்ச் சட்டை சின்னதாக மடிந்து உட்கார்ந்தபோது, இதைவிட எளிய வடிவம் இந்தச் சட்டைக்கு இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வண்டியிலும் இதே பேச்சுதான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வங்கி அதிகாரி அம்மாள் ஒருத்தியிடம், ரெண்டு கையும் ரெண்டு காலும் இருக்கு, எந்தக் கைக்கு எந்தக் காலோட வேலை, மொத்தம் எத்தனை பெருக்கல் சொல்லுங்க என்று கேட்டார். அவள் யோசிக்கப் போய் வண்டி ஒரு குப்பைத்தொட்டியை முகர்ந்து பார்த்துவிட்டு நின்றது.

சிக்கல் கழித்தலில் வந்தது. எக்ஸ் கழித்தல் நான்கு, எக்ஸ் கழித்தல் ஆறு. கடைசியில் கழித்தல் இருபத்துநான்கு என்று மாஸ்டர் எழுத, டீச்சர் அதைக் கூட்டல் ஆக்கினார். மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. ரெண்டு தடவை ரிவர்ஸ் கியர் போட்டால் வண்டி முன்னால் போகுமா என்று வாதாடினார்.

"உங்க வீட்டுல யாருக்கும் உதவாத பொருள் எதாவது இருக்கா?" என்று கேட்டார் டீச்சர்.

மாஸ்டர் வீட்டுப் பரணில் இருந்தது. பதினேழு ஹாரன்கள், ஒரு பக்கம் உடைந்த கண்ணாடிகள், நாலு ஸ்டியரிங் சக்கரங்கள், எந்த வண்டிக்கும் சேராத ஒரு கியர் கம்பி. செத்துப்போன கார்களின் உறுப்புகளை எல்லாம் அவர் ஒரு காலத்தில் வேண்டியிருக்கும் என்று சேர்த்து வைத்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து மனைவி கேட்டு அவர் விட்டுக்கொடுக்காத ஒரே கோட்டை அதுதான்.

"உதவாத பொருள் கழித்தல்" என்றார் டீச்சர். "அதை வீட்டை விட்டு அனுப்பறதும் கழித்தல். ரெண்டும் சேர்ந்தா வீட்டுல இடம் கூடுமா, குறையுமா?"

அன்று சாயங்காலம் பழைய இரும்புக்காரரின் வண்டி வாசலில் நின்றது. மாஸ்டர் ஒவ்வொரு ஹாரனையும் ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். ஒன்றே ஒன்று மட்டும் லேசாக முனகியது. அதைக் கொடுக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு பரணைத் துடைத்தார். அங்கே இவ்வளவு பெரிய வெற்றிடம் இருந்ததா என்று அவருக்கே ஆச்சரியம். கழித்தலும் கழித்தலும் பெருக்கினால் கூட்டல் என்பதை உலகத்தில் யாரும் அவரைப்போல விலை கொடுத்துத் தெரிந்துகொண்டிருக்க மாட்டார்கள். மனைவி மறுநாளே தன் தையல் இயந்திரத்தின் பெட்டியை அங்கே ஏற்றச் சொன்னாள். அதையும் மாஸ்டர்தான் ஏற்றினார்.

தேர்வு நடந்தது. வாண்டு முழு மதிப்பெண் வாங்கினாள்.

மாஸ்டர் விடைத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாலில் மூன்று சுற்று வந்தார். ஹால் பளபளவென்று இருந்தது, வழுக்கியது. படிப்பை யாரிடம் ஒப்படைத்தோம் என்று இனிமேலாவது இந்த வீட்டுக்குத் தெரியட்டும் என்று பொதுவாகச் சொன்னார். மனைவி மருந்துக்கடையிலிருந்து இன்னும் வரவில்லை. அதனால் கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். பிறகு ஒரு பை ஆப்பிள் வாங்கிக்கொண்டு டீச்சருக்கு நன்றி சொல்லக் கிளம்பினார்.

டியூஷன் இல்லாத நாள். பெஞ்சுகள் ஓரமாகக் கிடந்தன. அறை நடுவில் ஓர் ஏணி. ஏணி உச்சியில் லுங்கியை மடித்துக் கட்டிய ஒரு மனிதர், ஒரு கையில் துணியோடு, மின்விசிறியின் இறக்கையைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். டீச்சரின் வீட்டுக்காரர். தபால் அலுவலகத்தில் வேலை. மாஸ்டர் அவரை இதுவரை பார்த்ததில்லை.

"டீச்சர் உள்ள இருக்காங்களா?"

"இருக்காங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. கோணம் தப்பிடும்" என்றார் மேலேயிருந்து.

"என்ன கோணம்?"

"முக்கோணவியல். ஏணி கர்ணம், விசிறி உயரம் எதிர்ப்பக்கம். ஏத்தக்கோணம் நேத்தே முடிஞ்சுது. இன்னிக்கு இறக்கக்கோணம். அது மேல இருந்து பாத்தாத்தான் தெரியுமாம். எல்லா இறக்கையும் துடைச்சு முடிச்சாத்தான் இறங்கலாம்."

மாஸ்டருக்கு அவரைக் கட்டித் தழுவத் தோன்றியது. ஏணி தடுத்தது. டீச்சரிடமே படிக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார். அந்த மனிதர் வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சே சே, இவகிட்டயா? கணக்கு டீச்சரோட புருஷனுக்குக் கணக்கு வராதுன்னா வெளிய தலை காட்ட முடியுமா? இவளுக்குத் தெரியாம வெளிய ஒருத்தர்கிட்ட கத்துக்கறேன். எல்லாம் செய்முறைதான். சிக்னல் பக்கத்துல மருந்துக்கடை இருக்கு பாருங்க, அங்க ஒரு அம்மா இருக்காங்க."

மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்தியது.

"பிரமாதமாச் சொல்லித் தராங்க" என்றார் அவர். "காலேஜ்ல கணக்குதான் படிச்சாங்களாம். பாவம், வீட்டுக்காரருக்கு அது தெரியாதாம்."

மாஸ்டருக்குத் தன் கல்யாணப் பத்திரிகை ஞாபகம் வந்தது. மணப்பெண்ணின் பெயருக்குப் பின்னால் சில எழுத்துகள் இருந்தன. இவ்வளவு காலமாக அதை மாமனாரின் இனிஷியல் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளறையில் பேச்சுக் குரல் கேட்டது. மெதுவாக எட்டிப் பார்த்தார். மேஜையில் ரெண்டு காபிக் கோப்பைகள். ஒரு நாற்காலியில் டீச்சர். எதிர் நாற்காலியில், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடித்து உட்கார்ந்து, நாள் முழுக்க நின்ற அலுப்பெல்லாம் தீர்ந்த முகத்தோடு, அவருடைய மனைவி. தன் புருஷன் தான் சொன்னால் கேட்கவே மாட்டான், அடுத்த வீட்டுப் பெண் சொன்னால் வேதவாக்கு என்று டீச்சர் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லா வீட்டிலும் இதே சமன்பாடுதான் என்றாள் மனைவி. அப்புறம் திரும்பி வாசலைப் பார்த்தாள். கொஞ்சமும் பதறவில்லை.

"வாங்க. ஆப்பிள் எல்லாம் எதுக்கு" என்று பையை வாங்கிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது மாஸ்டர் ரெண்டு தெருவிளக்கு தூரம் முன்னால் நடந்தார். பிறகு, வாண்டுவுக்கு இந்தக் கணக்கெல்லாம் முன்னாடியே தெரியுமா என்று கேட்டார். பள்ளிக்கூடம் திறக்கறதுக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்துட்டேன் என்றாள் மனைவி. ஆனால் நீங்க சொன்னப்போதான் நல்லாப் புரிஞ்சுதுன்னு சொன்னா என்று சேர்த்துக்கொண்டாள். அது நிஜமா, சமாதானமா என்று கண்டுபிடிக்க மாஸ்டருக்குத் தெரியவில்லை. டாக்டர் கையெழுத்தை அவருக்குப் படிக்க வராது.

ஆனாலும் மனிதர் விடுகிறவர் இல்லை. ஏமாந்தது ஏமாந்ததுதான், ஆனால் கணக்கு மண்டையில் ஏறிவிட்டதே. இனிமேல் இவளால் தன்னை ஒன்றும் செய்ய முடியாது என்று நினைத்தார். நின்றார்.

"இனிமே பெருக்கல் கிடையாது. சொல்லிட்டேன்" என்றார்.

"சரிங்க. நீங்களே சொல்லிட்டீங்க. இனிமே வகுத்தல்தான். வேலையை வகுத்துப்போம். ஈவு ஒருத்தருக்கு, மீதி ஒருத்தருக்கு. உங்களுக்கு எது வேணும்?"

மாஸ்டருக்குள் ஒரு பல்பு எரிந்தது. எதை எதால் வகுத்தாலும் மீதி, வகுக்கிற எண்ணைவிடச் சின்னதாகத்தான் இருக்கும். சில சமயம் மீதியே இருக்காது. அவள் மனசு மாறுவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

"மீதி எனக்கு. ஈவு உனக்கு. பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்" என்றாள் மனைவி. "பெருக்கறது, துடைக்கறது, துவைக்கறது, பாத்திரம், இஸ்திரி, கடைக்குப் போறது, குப்பை. ஆக வேலை ஏழு. அதை எட்டால வகுத்தேன். ஈவு பூஜ்யம்."